லிமிடெட் ரிலீஸ் பர்பன் விஸ்கிகளைச் சுவைத்து ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பர்பன் பிரியர்களுக்கு இருப்பு கொள்ளாது. செப்டம்பர் 2 ஜார்ஜ் கார்வின் பிரவுனின் பிறந்தநாள். 1870இல் அவர் தொடங்கிய ஓல்ட் ஃபாரஸ்டர் என்ற பர்பன் பிராண்டு, அந்த நாளை ஒட்டி 2002 முதல் ஆண்டுதோறும் ‘பர்த்டே பர்பன்’ வெளியிடுகிறது. அதைத் தொடர்ந்து மற்ற வடிசாலைகளிலிருந்து ஃபோர் ரோசஸின் லிமிடெட் எடிஷன் ஸ்மால் பேட்ச், பஃபலோ டிரேஸின் ஆன்டிக் கலெக்‌ஷன், வான் விங்கிள் பாட்டில்கள் என்று இலையுதிர்காலம் முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். குறைந்த அளவே வெளியாகும் இந்த ‘லிமிடெட் ரிலீஸ்’களில், குலுக்கல், வரிசை, காத்திருப்பு எல்லாம் தாண்டித்தான் ஒரு பாட்டில் கைக்குக் கிடைக்கும்.

கிடைத்தபின் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். விருந்து முடிந்து, வயிறு நிறைந்து, நாக்கு காரத்தில் எரிந்துகொண்டிருக்கும்போது மூடியைத் திறந்து ஆளுக்கொரு மடக்கு ஊற்றுவது. நானும் ஒரு தீபாவளி இரவில், மட்டன் சுக்காவுக்குப் பிறகு, பஃபலோ டிரேஸ் வெளியிடும் ஒரு ஜார்ஜ் டி. ஸ்டாக் பாட்டிலை அப்படித்தான் திறந்தேன். பாதி பாட்டில் அன்றே தீர்ந்தது. அதன் சுவை என்ன என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் ஒரு வரி சொல்ல முடியாது. பதினைந்து ஆண்டுக்கும் மேல் ஒரு பீப்பாயில் உட்கார்ந்திருந்த விஸ்கிக்கு அப்படி நடந்திருக்கக் கூடாது.

அதற்குப்பின் பல ஆண்டுகள் குறிப்பேடும் கையுமாக உட்கார்ந்து கற்றதில் ஒன்று எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. அரிய பாட்டிலைத் தனியாகக் குடித்தால் அதன் பெயரையும் விலையையும்தான் குடிக்கிறோம். அதே வடிசாலையில், அதே தானியத்தில் பிறந்த சாதாரண உடன்பிறப்பைப் பக்கத்தில் வைத்தால்தான் அரியது எதனால் அரியது என்று தெரியும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒப்பீட்டுக்கான ஏற்பாடுகள்.

படி 1: மூடியைத் திறக்குமுன் லேபிளைப் படியுங்கள்

பர்பன் என்று எழுத அமெரிக்கச் சட்டம் கேட்பவை சில. அமெரிக்காவில் தயாரிக்க வேண்டும். தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். 80 சதவீத ஆல்கஹாலுக்கு மேல் வடிக்கக் கூடாது. உட்புறம் கருக்கிய புத்தம் புதிய ஓக் கலனில் 62.5 சதவீதத்துக்கு மேற்படாமல் ஊற்ற வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. ஆகவே நீங்கள் பார்க்கும் செம்பழுப்பு முழுக்க மரத்திலிருந்து வந்தது.

லேபிளில் ‘ப்ரூஃப்’ என்று இருப்பதைப் பாதியாக்கினால் ஆல்கஹால் சதவீதம். 107 ப்ரூஃப் என்றால் 53.5. இந்த எண்தான் ஒப்பீட்டின் ஆணிவேர். அதைக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.

‘ஸ்ட்ரெய்ட்’ என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு பீப்பாயில் இருந்தது. நான்கு ஆண்டுக்குக் குறைந்திருந்தால் வயதைச் சொல்லியே ஆக வேண்டும். பல பீப்பாய்களைக் கலந்திருந்தால் லேபிளில் உள்ள வயது அவற்றில் மிக இளையதின் வயது. ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்றால் 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது நான்கு ஆண்டு, சரியாக 50 சதவீதம். கலப்படச் சாராயம் மலிந்திருந்த காலத்தில் நல்ல விஸ்கிக்கு அரசு கொடுத்த உத்தரவாதம் அது. இன்றும் ஒப்பிடுவதற்கு அதைப்போல வசதியான வகை கிடையாது, ஏனென்றால் எல்லாமே 50இல் நிற்கும்.

அந்தப் பாட்டில்களில் வடிசாலையின் பதிவு எண்ணும் இருக்கும். பஃபலோ டிரேஸுக்கு டி.எஸ்.பி. (வடிசாலை) கே.ஒய். (கென்டக்கி) 113. ஹெவன் ஹில் பாட்டிலில் வடித்த இடம் 31 என்று இருந்தால் அது பார்ட்ஸ்டவுனில் இருந்த பழைய வடிசாலை. 1996 நவம்பரில் அங்கே பிடித்த தீயில் வடிசாலையோடு சுமார் 90,000 பீப்பாய்கள் எரிந்தன. பிறகு லூயிவில்லில் பெர்ன்ஹைம் வடிசாலையை வாங்கி அங்கே வடிக்கத் தொடங்கினார்கள். அதன் எண் 1. இந்த இரண்டு எண்களையும் தேடிப்பிடித்து அடுத்தடுத்து வைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதற்கென்று ஒரு குறியீடு உண்டு. ஹெவன் ஹில்லின் எலைஜா கிரெய்க் பேரல் ப்ரூஃப், அதாவது பீப்பாயில் இருந்த கடுமையிலேயே நீர் கலக்காமல் அடைப்பது, ஆண்டுக்கு மூன்று முறை வரும். ஏ123 என்றால் முதல் வெளியீடு, முதல் மாதம், 2023. பி523 மே மாதத்தது, சி923 செப்டம்பரில் வந்தது. முன்பு எல்லாமே 12 ஆண்டாக இருந்தன. 2023இலிருந்து வயதும் மாறுகிறது. பி523 பதினோரு ஆண்டு ஐந்து மாதம், சி923 பதின்மூன்று ஆண்டு ஏழு மாதம். ஒரே வடிசாலை, ஒரே கலவை, வேறு வயது என்பதால் வயது என்ன செய்கிறது என்று பார்க்க மூன்று கோப்பைகள் போதும்.

ஃபோர் ரோசஸில் குறியீடு இன்னும் சுவாரசியம். அவர்களிடம் இரண்டு தானியக் கலவைகள், ஐந்து ஈஸ்ட்கள், ஆக மொத்தம் பத்து செய்முறைகள். ஓபிஎஸ்வி என்ற நான்கெழுத்தில் இரண்டாவது எழுத்து தானியம். ‘பி’ என்றால் 35 சதவீதம் ரை என்ற தானியம், ‘இ’ என்றால் 20. கடைசி எழுத்து ஈஸ்ட். வி மென்மையான பழம், கே மிதமான மசாலா, ஓ செழித்த பழம், க்யூ பூ மணம், எஃப் மூலிகை. லிமிடெட் எடிஷனில் எந்தெந்த செய்முறைகள், என்ன வயதில், என்று அவர்களே வெளியிடுகிறார்கள். சமையல் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவது போன்ற அனுபவம் அது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வடிசாலையைத்தான்.

ஒரு எச்சரிக்கை: லாரன்ஸ்பர்க் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஃபோர் ரோசஸும் வைல்ட் டர்க்கியும் இருப்பது கென்டக்கி லாரன்ஸ்பர்க். இண்டியானா லாரன்ஸ்பர்க்கில் ஒரு பெரிய வடிசாலை பல பிராண்டுகளுக்கு விஸ்கி வடித்துத் தருகிறது. அந்த விஸ்கி மோசம் என்று சொல்லவில்லை, அருமையானதும் உண்டு. ஆனால் இரண்டு அலங்கார பாட்டில்களை வேறு வேறு என்று நினைத்து ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அடுப்பில் வந்தவையா என்று தெரிந்திருக்க வேண்டும். பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் ‘வடித்த இடம்’ இருக்கும்.

படி 2: ஜோடி சேருங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒப்பீட்டில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம்தான் மாறியிருக்க வேண்டும். வயது மாறினால் தானியம் மாறக் கூடாது. தானியம் மாறினால் சதவீதம் மாறக் கூடாது. ஸ்டாக்கையும் பாப்பி வான் விங்கிளையும் பக்கத்தில் வைத்து எது சிறந்தது என்று சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னது ரை சேர்ந்தது, நீர் கலக்காதது. பின்னது கோதுமை சேர்ந்தது, பெரும்பாலும் நீர் கலந்தது. ரசத்தையும் பாயசத்தையும் ஒப்பிட்டு யாருக்கு என்ன தெரியப்போகிறது?

எனக்குத் தெரிந்ததில் மிகத் துல்லியமான ஜோடி வான் விங்கிள் 12 ஆண்டு ‘லாட் பி’யும் வெல்லர் 12ம். இரண்டுமே இப்போது பஃபலோ டிரேஸில் வடிப்பவை, இரண்டிலும் ரைக்குப் பதில் கோதுமை, இரண்டுக்கும் 12 வயது. ஒன்று 45.2 சதவீதம், மற்றது 45. இவற்றுக்கு நடுவே மிஞ்சுவது பீப்பாய் இருந்த இடமும் பொறுக்கியவரின் நாக்கும் மட்டும். விலை வித்தியாசமோ மலைக்கும் மடுவுக்கும். அந்த வித்தியாசம் கோப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைப்போல ஒரு நல்ல பாடம் கிடையாது. அதேபோல வான் விங்கிள் 10ம் வெல்லர் ஆன்டிக் 107ம்: இரண்டும் 53.5, வெல்லரில் வயது மட்டும் சொல்லப்படுவதில்லை.

ஆன்டிக் கலெக்‌ஷனுக்கு இப்படிச் சேருங்கள். ஈகிள் ரேர் 17க்குப் பக்கத்தில் ஈகிள் ரேர் 10. ஸ்டாக்குக்கு சாதாரண பஃபலோ டிரேஸ், ஏனென்றால் இரண்டுக்கும் தானியக் கலவை ஒன்றே. வில்லியம் லரூ வெல்லருக்கு வெல்லர் ஆன்டிக் 107. அந்தத் தொகுப்பில் இருக்கும் சாசரக் 18, தாமஸ் ஹேண்டி இரண்டும் பர்பன் அல்ல, ரை விஸ்கி. அவற்றைப் பர்பன் வரிசையில் கலக்காதீர்கள்.

பர்த்டே பர்பனுக்கு ஓல்ட் ஃபாரஸ்டர் சிக்னேச்சர் 100. எலைஜா கிரெய்க் பேரல் ப்ரூஃபுக்கு 47 சதவீதத்தில் வரும் சாதாரண எலைஜா கிரெய்க். ஃபோர் ரோசஸ் லிமிடெட் எடிஷனுக்கு அவர்களுடைய சிங்கிள் பேரல், அது ஓபிஎஸ்வி என்ற ஒரே செய்முறை.

ஒரு மாலைக்கு இரண்டு ஜோடிக்கு மேல் வேண்டாம்.

படி 3: நேரம், இடம், கோப்பை, அளவு

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனபின், அல்லது முற்பகலில். காரம், காபி, வெற்றிலை எதுவும் அதற்கு முன் கூடாது. வீட்டில் ஊதுபத்தி, சாம்பிராணி, தாளிப்பு வாசனை இருக்கக் கூடாது. கையில் கிரீம், உடையில் சென்ட் இருந்தாலும் கெட்டது.

துலிப் வடிவக் கோப்பை, கிளென்கெய்ர்ன் எனப்படுவது, போதுமானது. அடிவயிறு அகன்று வாய் குறுகியிருப்பதால் மணம் ஓரிடத்தில் சேரும். எல்லாக் கோப்பையும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பது வகையைவிட முக்கியம். ஊற்றியதும் சிறு தட்டால் மூடிப் பதினைந்து நிமிடம் விடுங்கள்.

அளவைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். நீர் கலக்காத பர்பன் 65 சதவீதம்கூட இருக்கலாம். அதில் 15 மில்லி வீதம் நான்கு கோப்பை என்றால் சுமார் 31 கிராம் தூய ஆல்கஹால், அமெரிக்கக் கணக்கில் இரண்டு ‘டிரிங்க்’குக்கு மேல். நாலாவது கோப்பைக்கு வரும்போது மூக்கு மந்தமாகியிருக்கும், எழுதும் குறிப்புக்கு மதிப்பிருக்காது. கோப்பைக்கு 10 மில்லி போதும். பக்கத்தில் துப்புவதற்கு ஒரு குவளை வையுங்கள். வாயில் புரட்டித் துப்புவது அவமரியாதை ஆகாது, விஸ்கி தயாரிப்பவர்களே வேலை நேரத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். முடிந்தபின் வண்டி ஓட்டக் கூடாது.

இடையிடையே நாக்கைத் துடைக்க சாதா தண்ணீரும் ஏதாவது ஒரு உப்பில்லாத உணவும் வேண்டும். அமெரிக்காவில் உப்பில்லாத பிஸ்கட் வைப்பார்கள். நான் வைப்பது பொரி. சத்தமில்லாமல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, தன் சுவையை விட்டுச்செல்லாமல் போய்விடும்.

படி 4: சதவீதத்தைச் சமன் செய்யுங்கள்

ஆன்டிக் கலெக்‌ஷன் ஸ்டாக் சில ஆண்டுகளில் 70 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது, சில ஆண்டுகளில் 65க்கும் கீழே. 62.5இல் உள்ளே போனது எப்படி 70 ஆனது? கென்டக்கிக் கிடங்குகளின் மேல்தளங்களில் கோடையில் வெப்பம் கொதிக்கும், காற்று காய்ந்திருக்கும். மரத்தின் வழியே ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக வெளியேறும். மிஞ்சுவது கடுமையாகிக்கொண்டே போகும். கீழ்த்தளத்தில், ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில், இதற்கு நேர்மாறாகச் சதவீதம் இறங்குவதும் உண்டு. ஃபோர் ரோசஸ் தன் பீப்பாய்களை ஒரே தளம் கொண்ட கிடங்குகளில் வைப்பது இந்த ஏற்றத்தாழ்வு வேண்டாம் என்பதற்காக. 70ஐத் தாண்டியதை விமானத்தில் கொண்டுபோக முடியாது. அதனால் ரசிகர்கள் அதற்கு ‘ஹேஸ்மேட்’, அதாவது அபாயகரமான பொருள், என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்படி 69இல் இருக்கும் ஒன்றையும் 45இல் இருக்கும் பஃபலோ டிரேஸையும் அப்படியே ஒப்பிட்டால் ‘இது காட்டமாக இருக்கிறது’ என்பதைத் தவிர எதுவும் கிடைக்காது. காட்டத்தைச் செழுமை என்று நினைத்துவிடுவதுதான் இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் பிழை. ஆகவே இரண்டு சுற்று வையுங்கள். முதலில் பாட்டிலில் இருந்தபடியே. அடுத்து, இரண்டையும் ஒரே சதவீதத்துக்குக் கொண்டுவந்து.

கணக்கு எளிது. இருக்கும் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, ஊற்றிய அளவால் பெருக்குங்கள். வருவதுதான் சேர்க்கவேண்டிய தண்ணீர். 65ஐ 50 ஆக்க 10 மில்லிக்கு 3 மில்லி. 60ஐ 50 ஆக்க 2 மில்லி. ஈகிள் ரேர் 17 இப்போது 50.5இல் வருகிறது, அதை 10 ஆண்டு பாட்டிலின் 45க்கு இறக்க 1.2 மில்லி. ஸ்டாக் 69 என்றால் 45 ஆக்க 5.3 மில்லி. மருந்துக் கடையில் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்க விற்கும் ஊசியில்லாத சிரிஞ்சு இதற்குப் போதும். குளோரின் வாசனை இல்லாத தண்ணீராக இருக்கட்டும். கலந்தபின் பத்து நிமிடம் விடுங்கள்.

வடிகட்டாத பர்பனில் தண்ணீர் சேர்த்தால் லேசாகக் கலங்கும். பயப்பட வேண்டாம். குளிரவைத்து வடிகட்டும்போது நீக்கப்படும் கொழுப்புச் சேர்மங்கள் அதில் அப்படியே இருக்கின்றன. வாயில் எண்ணெய்ப்பசை போலப் படர்வது அவற்றால்தான்.

படி 5: மூக்கு

கோப்பையை ஒயின் போலச் சுழற்றாதீர்கள், ஆல்கஹால் ஆவி எழும்பி மூக்கை அடைத்துவிடும். நெஞ்சு உயரத்தில் தொடங்குங்கள். மெல்ல மேலே கொண்டுவாருங்கள். மணம் முதலில் எங்கே தட்டுகிறதோ அங்கே நிறுத்துங்கள். வாயைச் சற்றுத் திறந்து, இரண்டின் வழியாகவும் மூச்சை இழுங்கள். பிறகு கோப்பையின் விளிம்பில் மேற்புறம், கீழ்ப்புறம் என்று மூக்கை நகர்த்துங்கள். கீழ் விளிம்பில் கனமான மணங்கள், மேல் விளிம்பில் ஆவியும் பழமும் கிடைப்பதாக என் அனுபவம். மூக்கு களைத்தால் உங்கள் சட்டைக் கையை முகருங்கள். பழகிய வாசனை அதைச் சமநிலைக்குக் கொண்டுவரும்.

இனி சொற்கள். அமெரிக்கர்கள் எழுதும் குறிப்புகளில் டாஃபி, கிரஹாம் கிராக்கர், ரூட் பியர் என்று இருக்கும். அவற்றை மனப்பாடம் செய்து எழுதாதீர்கள். நீங்கள் சாப்பிட்டு வளராத பண்டத்தின் மணம் உங்கள் மூக்கில் இருக்காது. நம் அடுப்படியில் இதற்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது, பல இடங்களில் இன்னும் நுட்பமாகவே இருக்கிறது.

ஓக் மரத்தைக் கருக்கும்போது அதன் ஒரு பகுதி சர்க்கரையாக உடைந்து பாகாகிறது. பாகில் நமக்கு எத்தனை பதம்! இளம்பாகு, கம்பிப் பதம், உருட்டுப் பதம், அதையும் தாண்டிக் கருகத் தொடங்கும் நேரம். நான்கு ஆண்டு பர்பன் எனக்கு இளம் வெல்லப்பாகு. பன்னிரண்டு ஆண்டு என்றால் அதிரசத்துக்கு எடுத்த பதம். பதினேழில் கருப்பட்டி, சில நேரம் அடிப்பிடித்த கருப்பட்டி. மரத்தின் லிக்னின் உடைந்து வருவது வனிலா. ஓக் லாக்டோன் என்ற சேர்மம் கொப்பரைத் தேங்காய் மணம் தரும். யூஜெனால் என்பது கிராம்பில் இருக்கும் அதே பொருள். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்தவர்கள் அந்த மணத்தை நூறு கோப்பைகளுக்கு நடுவிலும் பிடித்துவிடுவார்கள்.

வடிசாலைகளுக்கென்று சில முத்திரைகள் உண்டு. ஜிம் பீமிலும் அதன் நீர் கலக்காத உறவான புக்கர்ஸிலும் வறுத்த வேர்க்கடலை. ஓல்ட் ஃபாரஸ்டரில் நன்றாகப் பழுத்த வாழைப்பழம், ஈஸ்டின் வேலை அது. இவற்றைச் சாதாரண பாட்டிலில் ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால், லிமிடெட் ரிலீஸில் அது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, மரம் எவ்வளவு அதை மூடிவிட்டது என்று கேட்கலாம். பர்த்டே பர்பனில் வாழைப்பழத்தைத் தேடுவது எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் திருவிழா.

படி 6: வாய்

முதல் மடக்கு கணக்கில் சேராது. அது நாக்கைப் பழக்க மட்டும். இதற்காகவே ஒப்பீட்டில் இல்லாத ஏதாவது ஒரு சாதாரண பர்பனில் ஐந்து மில்லி வைத்துக்கொண்டால் முதல் கோப்பைக்கு அநியாயம் நடக்காது.

இரண்டாவது மடக்கைத் தேக்கரண்டிக்கும் குறைவாக எடுத்து, நாக்கின் மேல் பரவவிட்டு, மெல்லுவதுபோல் வாயை அசையுங்கள். ஜிம் பீம் குடும்பத்து புக்கர் நோ இப்படித்தான் சுவைப்பார். கென்டக்கியில் இன்றும் அதற்கு ‘கென்டக்கி ச்யூ’ என்றுதான் பெயர். விழுங்கியபின் மூக்கு வழியே மூச்சை விடுங்கள். நெஞ்சுக்குள் இதமாகப் பரவும் சூடு ‘கென்டக்கி ஹக்’. அது இதமாக இருக்கிறதா, தொண்டையைக் கீறுகிறதா என்று எழுதுங்கள்.

மூன்று கேள்விகள் போதும். இனிப்பு எப்போது வந்தது, எப்போது போனது? நடுவில் வெற்றிடம் இருந்ததா? கடைசியில் என்ன மிஞ்சியது, எவ்வளவு நேரம்? கடைசிக் கேள்விக்குக் கடிகாரத்தைப் பாருங்கள். மற்றவை அபிப்பிராயம், இது அளவு.

வயதான பர்பன்களில் கவனிக்கவேண்டியது துவர்ப்பு. ஸ்காட்ச் பெரும்பாலும் பழைய பீப்பாய்களில் இருப்பதால் இருபது, முப்பது ஆண்டு தாங்கும். பர்பன் இருப்பது புதிய, கருக்கிய மரத்தில். கென்டக்கியின் வெயிலும் சேர்ந்தால் மரச்சாறு ஏறிக்கொண்டே போகும். நெல்லிக்காய்த் துவர்ப்பு நல்லது, அதற்குப் பின்னால் இனிப்பு வரும். கொட்டைப்பாக்கு மென்றதுபோல் வாய் வறண்டு, பின்னால் எதுவும் வராவிட்டால் பீப்பாயில் அதிக காலம் இருந்துவிட்டது. அதை லேபிளில் எந்த எண் இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். என்னைக் கேட்டால் பர்பனுக்கு நிறைவான பருவம் ஒன்பதிலிருந்து பதினைந்து. 23 ஆண்டு பாப்பியை மரியாதையோடு குடித்தேன், 15 ஆண்டு பாப்பியை மகிழ்ச்சியோடு குடித்தேன்.

படி 7: கண்ணை மறையுங்கள்

பெயர் தெரிந்து குடித்தால் பெயர்தான் ருசிக்கும். கோப்பைகளின் அடியில் எண் ஒட்டி, ஒருவர் ஊற்ற, வேறொருவர் வரிசையை மாற்றட்டும். நிறத்தை வைத்து ஊகிக்க முடியும் என்பதால் விளக்கை மங்கலாக்குங்கள்.

ஆனால் அதற்கும் முன் ஒரு சோதனை. மூன்று கோப்பை, இரண்டில் ஒன்றே, மூன்றாவது வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாக வரும் என்பதால் நான்கைந்து தடவை செய்ய வேண்டும். வித்தியாசமே தெரியாத இரண்டில் எது சிறந்தது என்று பேசுவது வீண்.

லாட் பியையும் வெல்லர் 12ஐயும் இப்படி வைத்தபோது என்னோடு உட்கார்ந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், விருதுநகர்க்காரர்.

“அண்ணே, மூணுல எது வேற?”

“நடுவுல இருக்கறதுதான் தம்பி. மத்த ரெண்டும் சட்டுனு முடிஞ்சுருது. இது நின்னு பேசுது.”

ஐந்து முறையில் நான்கு முறை சரியாகச் சொன்னார். நான் இரண்டு முறை. நின்று பேசியது எது என்றால் லாட் பி. அந்த மாலையில் அவரிடம் கற்ற ‘நின்னு பேசுது’ என்ற சொல்லைத்தான் நீண்ட பின்சுவைக்கு இன்றுவரை எழுதுகிறேன்.

படி 8: குறிப்பும் மறுமுறையும்

நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடாதீர்கள். 91க்கும் 92க்கும் நடுவே உங்கள் நாக்கில் எந்தக் கோடும் இல்லை. ஜோடியில் எது மேல், எதனால், எத்தனை காசு கூடக் கொடுக்கத் தகும் என்ற மூன்று வரி போதும். தேதி, சதவீதம், பாட்டில் திறந்து எத்தனை நாள் என்பதும் இருக்கட்டும்.

அதே ஜோடியை மூன்று வாரம் கழித்து மறுபடி வையுங்கள். புதிதாகத் திறந்த பாட்டிலின் முதல் ஊற்று முரடாக இருக்கும். காற்றுப்பட்டபின் பல பாட்டில்கள் மலர்கின்றன, சில சோர்ந்துபோகின்றன. பாட்டிலை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள், படுக்கவைத்தால் கடும் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

படி 9: வாங்குவது

வர்ஜீனியா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் மதுக்கடை அரசுடையது. அங்கே லிமிடெட் ரிலீஸ்கள் நிர்ணய விலையில் குலுக்கலில் கிடைக்கும். மற்ற இடங்களில் கடைக்காரர் சொல்வதே விலை. பதிவுபெறாத தனியாரிடம் வாங்காதீர்கள். அது சட்டவிரோதம் என்பது ஒருபுறம், காலி பாட்டிலை வாங்கி வேறு விஸ்கி நிரப்பி விற்கிறார்கள் என்பது மறுபுறம். கென்டக்கியில் 2018 முதல் உரிமம் பெற்ற கடைகளும் பார்களும் பழைய பாட்டில்களைத் தனியாரிடம் வாங்கி விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. லூயிவில்லிலும் பார்ட்ஸ்டவுனிலும் உள்ள நல்ல பார்களில் அரை அவுன்ஸ் அளவில் ஊற்றித் தருவார்கள். ஒரு முழு பாட்டிலின் விலையில் சிறு பங்கைக் கொடுத்து, அரியதையும் அதன் உடன்பிறப்பையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன் இதைச் செய்தவர்கள் பலர் வாங்காமலே திரும்பியிருக்கிறார்கள். சிலர் இன்னும் உறுதியோடு வரிசையில் போய் நின்றிருக்கிறார்கள்.

படி 10: மறுநாள் காலை

கோப்பைகளை இரவே கழுவாதீர்கள். எண்களோடு அப்படியே மேசையில் விட்டுவிடுங்கள். காலையில், பல் துலக்கியதும் காபிக்கு முன், ஒவ்வொரு காலிக் கோப்பையையும் முகருங்கள். ஆல்கஹால் முழுக்கப் போயிருக்கும். அடியில் காய்ந்த படலத்தில் மரமும் தானியமும் மட்டும் இருக்கும். நல்ல பீப்பாய் என்றால் பழைய தேக்குப் பெட்டியைத் திறந்ததுபோல, அதற்குள் யாரோ கருப்பட்டி வைத்து மறந்ததுபோல ஒரு மணம் வரும். சில கோப்பைகளில் ஈர அட்டை வாசனைதான் வரும். அதையும் நேற்றைய குறிப்புக்குக் கீழே ஒரு வரியில் எழுதிவிட்டு, சோப்பு போடாமல் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.